பத்தாம் வாய்க்கால் குறிப்புகள்

ஜூன் 22, 2024

கிளிநொச்சியில் பஸ்ஸால் இறங்கி ஓட்டோக்காரரிடம் உருத்திரபுரம் என்றேன். "எத்தனையாம் வாய்க்கால்?" என்று கேட்டார். எங்கள் பக்கத்து விலாசம் அப்படித்தான். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று சொன்னால் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் போன வழியில் வாய்க்காலுக்கு இலக்கம் விழுந்தது. அந்த இலக்கத்தின் பின்னால் ஊர் வந்தது.

வாசிகசாலைக்காரர் முதல் வந்த குடும்பங்களைப் பற்றி ஒரு கொப்பி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மம்மா 1954இல் இங்கே வந்தபோது அவருக்கு வயது 18. இப்போது 88. நான் இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்க வேண்டும்.

ஜூன் 23

காலையில் சிவன் கோயில். இங்குள்ள லிங்கத்தின் பீடமான ஆவுடையார் பழைய காலத்து வடிவில் சதுரமானது. கொலனி என்கிற இந்தக் குடியேற்றம் வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முந்தியே இங்கே ஆட்கள் இருந்து, கும்பிட்டு, போய்விட்டார்கள் என்பதற்கு அந்தக் கல்லே போதும். ஆகவே கொப்பியில் "முதல் குடியேறியவர்கள்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. "காடாகிப் போன ஊருக்குத் திரும்ப வந்தவர்கள்" என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் 25

நேற்று முழுக்க மழை இருட்டு, எழுதவில்லை. இன்று அம்மம்மாவுடன் நெடுநேரம்.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டத் தொடங்கியது 1902இல். யாழ்ப்பாணத்தில் நிலமும் வேலையும் போதாமல், அந்தத் தண்ணீரை நம்பிக் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது 1936இல். குளம் இருந்தும் ஆட்கள் வரப் பயந்ததற்கு முதல் காரணம் மலேரியா. "வன்னிக்குப் போறவன் காய்ச்சலோடதான் திரும்புவான் எண்டு சொல்லுவினம்" என்றார் அம்மம்மா. 1946 தொடங்கி வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.டி. என்ற நுளம்பு மருந்து அடித்த பிறகுதான் பயம் தெளிந்தது. எங்கள் குடும்பம் அந்தத் தெளிவில் வந்தது.

"வந்து இறங்கேக்க என்னணை இருந்தது?"

"என்ன இருந்தது? வெட்டி எரிச்ச காடு. கரிக்கட்டை. அம்மப்பா ஒரு எல்லைக்கல்லைக் காட்டி, இதுதான் எங்கட காணி எண்டார். நான் கல்லைப் பாத்து அழுதன்."

முதலில் காட்டுத்தடி நட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் கொண்டுவந்த தென்னோலைக் கிடுகால் மேய்ந்து ஒரு வாடி. அதிலே ஒன்றரை வருடம். மரத்தை வெட்டுவது ஒரு வேலை, அடிக்கட்டையைப் பிடுங்குவது வேறு வேலை. பாலை மரத்தின் கட்டை லேசில் அசையாது. சுற்றிவரத் தோண்டி, வேரைத் தறித்து, நெருப்பு மூட்டி, நாள்கணக்கில் புகையவிட வேண்டும். பகலில் அம்மப்பா தோண்டுவார், இரவில் நெருப்பு அணையாமல் பார்ப்பது அம்மம்மா. நெருப்பு இருந்தால் யானையும் கிட்ட வராது. மூத்த பிள்ளையான என் அம்மா வயிற்றில் இருக்கும்போதும் அந்தக் காவல் நடந்திருக்கிறது.

எத்தனை கட்டை என்று கேட்டேன். "எண்ணினாப் பயம் வரும் எண்டு எண்ணேல்லை."

ஜூன் 26

காணி அனுமதிப்பத்திரமான பேர்மிட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மூன்று ஏக்கர் வயல், இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி. மடிப்புகளில் கிழிந்து, ஒரு மூலை கறுத்துப் போயிருக்கிறது. 2008 கடைசியில் போரால் ஊரை விட்டுக் கிழக்கே போனபோது அம்மம்மா அதைப் பொலித்தீனில் சுற்றித் தலையணைக்குள் வைத்துத் தைத்தார். தருமபுரம், விசுவமடு, பிறகு கடற்கரை, பிறகு முகாம். தலையணை கூடவே போய் 2010இல் திரும்பி வந்தது. வீட்டின் கூரையும் கதவும் அதற்கு முன்னமே போய்விட்டன.

இது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட காணி. சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தில் எல்.டி.ஓ. காணி என்போம். விரும்பியபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. துண்டு துண்டாகப் பிரிந்து போகாதபடி, காணிக்காரருக்குப் பின் ஒருவருக்கே போக வேண்டும். கிராம அலுவலரான விதானையார் வீட்டிலும் மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் அவரைப் "பின்னுரித்தாளர்" என்பார்கள். கணவன் இறந்தால் மனைவி சாகும்வரை இருக்கலாம். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். அந்த மனைவி தன் விருப்பப்படி யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. யாரையும் நியமிக்காமல் விட்டால், சட்டத்தின் பட்டியலில் மகளுக்கு முன்னால் மகன் நின்றார். 2022இல்தான் இதைத் திருத்தி, ஆண் பெண் என்று பாராமல் மூத்தவருக்கு என்று மாற்றினார்கள்.

கட்டைக்கு நெருப்புக் காவல் இருந்தவரின் பெயர் இந்தத் தாளில் ஓர் இடத்தில் இருக்கிறது. "மனைவி" என்ற கட்டத்துக்குள். நான் அதை இரண்டு மூன்று தரம் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

ஜூன் 28

வயல் பக்கம் போனேன். வெயில் காலத்துச் சிறுபோகம், பச்சை நன்றாக எழும்பியிருக்கிறது, ஆனால் எல்லாத் துண்டிலும் இல்லை. மாரிகாலத்துக் காலபோகத்தில் மழையும் குளமும் சேர்ந்து கொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கிற தண்ணீர்தான். அதனால் விதைப்புக்கு முன்னம் கூட்டம் கூடி, இவ்வளவு ஏக்கருக்குத்தான் தண்ணீர் என்று முடிவெடுத்துப் பங்கு பிரிப்பார்கள். யாருடைய காணியில் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அங்கே பேசித் தீரும். சண்டை வரும், சத்தம் வரும், ஆனால் தண்ணீர் விதைத்த கடைசி வயலுக்கும் போகும். பழைய ஊர் என்றால் கோபுரம், நாலுசார் வீடு என்று காட்டுகிறார்கள். எங்களிடம் காட்ட இருப்பது இந்தப் பங்குக் கணக்கு. எழுபது வருடமாக நடக்கிற ஒரு விஷயத்தை முதுசம், பரம்பரைச் சொத்து என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மாலையில் வேறு ஒரு வீட்டில் இருந்தேன். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த குடும்பம். முதலில் மற்றவர் வயலில் கூலி, பிறகு காட்டோரத்தில் ஒரு துண்டு. அவர்களும் கட்டை பிடுங்கினார்கள், அவர்களுக்கும் யானை வந்தது. ஆனால் கையில் தாள் இல்லாமல் நெடுங்காலம் இருந்தார்கள். வாசிகசாலைப் பட்டியலில் அவர்கள் பெயர் கிடையாது, ஏனென்றால் பட்டியல் பேர்மிட்டைப் பார்த்து எடுத்தது. இது சரியில்லை என்று நாளைக்குச் சொல்லப் போகிறேன்.

ஜூன் 29

சொன்னேன். ஒருவர் மட்டும் "அப்பிடிப் பாத்தா கொப்பி காணாதே" என்றார். இன்னொரு கொப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 30

அம்மம்மாவுக்குப் பாலைப்பழம் வேண்டுமாம். சந்தியில் வாங்கிக் கொடுத்தேன். உதட்டில் பால் ஒட்ட ஒட்டச் சாப்பிட்டுக்கொண்டு கேட்டார்: "உந்தக் கொப்பியில என்ன எழுதிறாய்?"

காட்டினேன். காணி இலக்கம், காணிக்காரர் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று மூன்று நிரல். பக்கத்தில் நான் புதிதாய்க் கோடு போட்ட நாலாவது நிரல் வெறுமையாக இருந்தது.

"இது ஆருக்கு?"

"வாடியில சமைச்ச ஆக்களுக்கு."

பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தண்ணீர் திறந்துவிடும் துருசிலிருந்து தொடங்கி, காணி காணியாய், ஒரு பெண்ணின் பெயர், அடுத்த பெண்ணின் பெயர் என்று சொல்லிக்கொண்டே போனார். சிலருக்குப் பெயர் வரவில்லை, "அந்தக் கட்டைப் பெட்டை, வாய்க்காலுக்க விழுந்தவள்" என்றார். அதையும் எழுதினேன். பதினேழாம் காணியில் நித்திரையாகிவிட்டார்.

நாளைக்கு அங்கேயிருந்து.