காய்ச்சல் மாறிய பிறகு மங்கும் கண்

கொப்பளிப்பானோ கூகைக்கட்டோ வந்து மாறி, தலைக்குத் தண்ணி வார்த்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு "கரும்பலகை புகைமாதிரித் தெரியுது" என்று சொன்னால் எங்கள் பக்கம் பலர் முதலில் போவது கண்ணாடிக் கடைக்குத்தான். அங்கே போகாதீர்கள், அன்றைக்கே கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அது பார்வை நரம்பு அழற்சியாக இருக்கலாம்.

கண் பார்ப்பதை மூளைக்குக் கொண்டுபோகும் இந்தப் பார்வை நரம்புக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் இருக்கின்றன, மின்வயருக்கு உறை இருப்பதுபோல அவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை. வைரஸை எதிர்க்கக் கிளம்பிய எங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வைரஸ் ஒழிந்த பிறகும் அடங்காமல் இந்த உறையைத் தாக்கிவிடுகிறது. அதனால்தான் காய்ச்சலோடு வராமல், பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமை கழித்து வருகிறது, வீட்டில் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. சில வைரஸ்கள் நேரடியாகவும் நரம்பைத் தாக்கும், கொப்பளிப்பானையும் அக்கியையும் தரும் வைரஸ் அப்படி ஒன்று. சின்னமுத்து, மாரி தொடங்கினால் வந்துவிடும் டெங்கு, 2006 கடைசியில் யாழ்ப்பாணத்தை முடக்கிப்போட்ட சிக்குன்குனியா எல்லாவற்றுக்கும் பிறகு இது வந்ததாகப் பதிவுகள் உண்டு.

என் பெறாமகளுக்கு வந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். டொக்டர் துளிமருந்துப் போத்தலின் சிவப்பு மூடியைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து நிறம் சொல்லச் சொன்னார். வலக்கண்ணுக்கு நல்ல சிவப்பு, இடக்கண்ணுக்குப் பழைய செங்கல் நிறம் என்றாள். பிறகு ரோர்ச்சை இரண்டு கண்ணுக்கும் மாறி மாறி அடித்தார். இடக்கண்ணுக்கு வெளிச்சம் வந்ததும் சுருங்க வேண்டிய கண்மணி விரிந்தது! கண்ணை அசைத்தால் உள்ளே நோகுது என்று அவள் சொன்னதும் இதே வருத்தத்தின் அடையாளம்தான். அழற்சி கண்ணுக்குப் பின்னால் இருந்தால் கண்ணின் உட்புறம் சாதாரணமாகவே தெரியும், ஆகவே வெளியில் ஒன்றும் தெரியவில்லை என்று ஆறுதல்பட முடியாது.

பிள்ளைகளில் பலருக்குப் பார்வை நன்றாகத் திரும்பிவிடுகிறது. தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் வைத்து ஸ்டீரொயிட் மருந்தை நாளத்தில் ஏற்றுவார்கள், அது குணமாவதை விரைவாக்கும். ஆனால் பாமசியில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் பெரியவர்களை வைத்துச் செய்து 1992இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வழக்கமான அளவில் குளிசை மட்டும் எடுத்தவர்களுக்குத்தான் வருத்தம் கூடுதலாகத் திரும்பி வந்தது.

இன்னொன்று, டொக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் எழுதித் தந்தால், "வைரஸ் காய்ச்சலால வந்ததுதானே" என்று தட்டிக்கழிக்காதீர்கள். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் போன்ற நரம்பு நோய்களும் இதே மாதிரித்தான் தொடங்கும், அவற்றுக்கு வைத்தியம் வேறு.