கோவளத்தில் மேல்காற்று நல்லது, ஆட்டோக்காரர் அப்படியில்லை

மே, ஜூனில் மேற்கிலிருந்து மேல்காற்று என்று ஒரு வறண்ட காற்று வந்து, கடல் காற்றை மதியம் தாண்டும் வரை உள்ளே விடாமல் சென்னையை வறுத்தெடுக்குமே, அதை இனி திட்ட மாட்டேன். அந்தச் சனியன்தான் கோவளத்தில் காலை அலையை அவ்வளவு அழகாக வைத்திருக்கிறது. (கேரளத்துக் கோவளம் இல்லை, ஈசிஆரில் இருக்கும் நம்ம கோவளம்.) இங்கே கடல் கிழக்கே. மேல்காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும்போது, எழும்பி வருகிற அலையின் முகத்தில் மோதி, அது சட்டென்று சரிந்துவிடாமல் நிறுத்திப் பிடிக்கிறது. சர்ஃபிங் போர்டில் நமக்கு எழுந்து நிற்க அந்தக் கூடுதல் நொடி போதும்.

சர்ஃபிங் வகுப்பைப் பற்றி வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் ஆட்டோ. விடிகாலை பஸ் ஈசிஆரிலேயே இறக்கிவிட்டது. பஸ் என்று சொல்வது மரியாதைக்கு. ஜன்னல் ஷட்டர் ஒன்றுகூட நிற்காமல் தடதடவென்று முழங்கை மேலேயே விழுந்துகொண்டு வந்தது. அங்கிருந்து கடற்கரை நடந்து போகிற தூரம்தான். ஸ்டாண்டில் ஒரே ஒரு ஆட்டோ. "இருநூறு குடு சார்." எதுக்குண்ணா இருநூறு என்றால், "சர்ஃபிங்குக்கு ஆயிரக்கணக்குல குடுப்பீங்க, எங்ககிட்டதான் கணக்குப் பாப்பீங்க" என்கிறார். வகுப்புக்கு 1,500 ரூபாய் என்பது இவருக்கு எப்படித் தெரியும்! நடந்தே போனேன். இருநூறு ரூபாய்க்கு எனக்கு வேறு திட்டம் இருந்தது.

தண்ணீரில் இறங்கியதும் எரிச்சல் எல்லாம் போச்சு. சொல்லிக்கொடுத்த தம்பி அந்தக் குப்பத்துப் பையன்தான். கடலைப் பார்த்த கையோடு, "இன்னிக்குத் தெக்கேருந்து இழுக்குது, அந்த நீலக் கலர் ஃபைபர் போட்டைப் பாத்துக்கினே இருங்கண்ணா" என்றான். கொஞ்ச நேரம் நுரையோடு மல்லுக்கட்டிவிட்டு நிமிர்ந்தால் நீலப் படகைக் காணோம், எதிரே பச்சைப் படகு நிற்கிறது. தென்மேற்குப் பருவத்தில் இங்கே கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். கரையேறி, நடந்து, மறுபடி இறங்க வேண்டும். தோள்பட்டை வலிக்குப் பாதிக் காரணம் போர்டைத் தூக்கிக்கொண்டு நடந்ததுதான்.

பழகுபவர்களை உடைந்த அலையின் வெள்ளை நுரையில்தான் விடுகிறார்கள், இடுப்பளவு தண்ணீரில். போர்டும் மெத்தென்ற பெரிய போர்டு, தலையில் பட்டாலும் உயிர் போகாது. மேல்காற்று பலமாக இருந்தால் மட்டும் ஒரு வில்லங்கம் உண்டு: போர்டில் சும்மா படுத்துக் கிடந்தால் கடலுக்குள்ளே தள்ளிக்கொண்டே போகும். போர்டைக் காலோடு கட்டியிருக்கும் கயிற்றை, அதாவது லீஷை, கழற்றவே கூடாது.

மதியத்துக்கு மேல் கடற்கரையில் உட்கார்ந்து காற்று மாறுவதைப் பார்த்தேன். முதலில் காற்றே இல்லை. பிறகு கடல் பக்கமிருந்து முகத்தில் ஜில்லென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் அலை எல்லாம் சுருக்கம் விழுந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எது எங்கே உடையும் என்றே தெரியவில்லை. மாலை வகுப்பு கொஞ்சம் மலிவு என்று யாராவது சொன்னால், ஏன் மலிவு என்று இப்போது புரிந்திருக்கும்.

மிச்சம் பிடித்த இருநூறு மீனுக்குப் போனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், நான் போனது அதற்குள். வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் மத்திக்கு இறங்கினேன். ஃபைபர் படகில் காலையில் வந்த மத்தி. மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவி, தோசைக்கல்லில் ஓரம் கருக வறுத்தது. முள்ளோடு மென்றுவிடலாம். வஞ்சிரமாவது ஒன்றாவது!

சீசன் கேட்பவர்களுக்கு: பெரிய அலை ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வீசும் புயலில் பிறந்து வருகிற அலை அது, நம்ம வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து நிற்கும். அதனால் கிளம்புவதற்கு முன் ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் கடல் எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். நீச்சல் தெரியாது, முதல் தடவை என்றால் ஜூன் வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் அலை சின்னது, கடலும் அமைதி.

தீபாவளி லீவுக்குப் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டாச்சு. போகாதீங்க. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடைக்காற்று கரையைப் பார்த்து அடிக்கும், கடல் கலங்கிக் கிடக்கும், நடுவில் புயல் சின்னம் வேறு. கட்டிய முன்பணம் திரும்ப வருமா என்று நீங்கள்தான் போனில் கெஞ்ச வேண்டியிருக்கும்.