களிம்பு ஏறும் செப்பேடு: ஓர் இளையோர் நாவல் அச்சேறிய கதை

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் இறந்த பிறகு குடிமக்கள் அவன் தம்பி அருள்மொழியை அரசனாகும்படி வேண்டினார்கள் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. தன் சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை அவன் அதை மனத்தாலும் விரும்பவில்லையாம். அந்தச் சிற்றப்பன் உத்தம சோழனே அரசனானான். அருள்மொழி ராஜராஜனாக அரியணை ஏற 985 வரை ஆயிற்று.

பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு மாயாஜால நாவல் எழுத உட்கார்ந்தபோது என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்த ‘மனத்தாலும்’தான். செப்பேடு வெட்டப்பட்டது ராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில். அதாவது, அப்பாவின் மனத்தில் என்ன இருந்தது என்று மகனின் அவை எழுதிவைத்திருக்கிறது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குடும்பத்துக்கு விசுவாசமாக எழுதும் கை எதையெல்லாம் எழுதாமல் விடும்? உடையார்குடிக் கல்வெட்டும் அப்படித்தான். ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயரைச் சொல்கிறது, அவர்களைச் சார்ந்தவர்களின் நிலம் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை.

சோழ நாட்டையே களமாக்க நான் விரும்பவில்லை. தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் மனத்தில் ஏற்கெனவே ஒரு குந்தவையை வைத்திருக்கிறார்கள். அவளோடு போட்டியிட முடியாது. கற்பனையாக ஒரு மலைநாட்டை அமைத்தேன். அங்கே செப்பேட்டில் பொய்யை வெட்டினால் விடிவதற்குள் அந்த வரியில் களிம்பு ஏறிவிடும். ஆனால் மௌனத்தைச் செம்பு கண்டுபிடிக்காது. ஆகவே அரண்மனை எழுத்தர்கள் விட்டுவிட்டு எழுதுவதில் தேர்ந்தவர்கள். அண்ணன் இறந்தபின் காத்திருந்து அரசனானவனின் மகள், களிம்பே இல்லாத தன் அப்பாவின் செப்பேட்டைப் படித்துச் சந்தேகப்படத் தொடங்குகிறாள். மாயத்துக்கு ஒரு எல்லை வைத்ததும் கதை தானாக ஓடியது. எல்லாம் வல்ல மந்திரக்கோல் இருந்தால் யாரும் யாருக்கும் விசுவாசமாக இருக்கத் தேவையே இல்லை.

கைப்பிரதியை முதலில் பெரியவர்களிடம் கொடுக்கவில்லை. தெரிந்தவர்களின் வீட்டுப் பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பென்சிலோடு கொடுத்தேன். ஒரு மாணவி ஓரத்தில் எழுதியிருந்தாள்: “அண்ணன் செத்ததற்கு அழுதானா, வழி கிடைத்தது என்று நினைத்தானா? இரண்டும் என்றால் இரண்டையும் எழுதுங்கள்.” அந்தக் கேள்விக்காக ஓர் அத்தியாயத்தையே புதிதாக எழுதினேன். தம்பி, இறந்த அண்ணனின் வாளைத் துடைத்து உறையில் போட எடுக்கிறான். பிடி தன் கைக்கு அளவெடுத்தாற்போல் பொருந்துவதை உணர்கிறான். உடனே கீழே வைத்துவிடுகிறான், பிறகு மறுபடியும் எடுக்கிறான். நாவலில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான். பாசமும் பதவி ஆசையும் ஒரே நெஞ்சில் இருப்பதைப் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். நாம்தான் அவர்களுக்கு நல்லவன், கெட்டவன் என்று பிரித்துக் கொடுக்கிறோம்.

ஒரு பதிப்பகம் வயதைக் குறைத்துச் சிறுவர் கதையாக்கச் சொன்னது. இன்னொன்று காதலைக் கூட்டச் சொன்னது. நானே பதிப்பித்தேன். நூலுக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழங்குகிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பக்க வடிவமைப்புதான் பாடாய்ப் படுத்தியது. யூனிகோடில் தட்டச்சு செய்ததை வடிவமைப்பாளர் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார். பிழை பார்க்க எடுத்த மெய்ப்பில் பார்த்தால், ‘போ’வின் துணைக்கால் மட்டும் பிரிந்து அடுத்த வரியின் தலையில் நின்றது. தேடி மாற்றும் வசதி இதற்கெல்லாம் கைகொடுக்காது. அச்சுத்தாளில், சிவப்பு மையில், வரி வரியாகப் பார்ப்பதுதான் ஒரே வழி. அச்சில் ஒரே தாளாக ஓடும் ‘பாரம்’ ஒன்றுக்குப் பதினாறு பக்கம் என்பதால், கடைசிப் பாரத்தில் வழிந்த சில பக்கங்களைக் குறைக்கவேண்டி வந்தது. போர்க்காட்சியில் கத்திரி வைத்தேன். வாள் துடைக்கும் பக்கத்தில் ஒரு வரியைக்கூடத் தொடவிடவில்லை.

அச்சானதும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதிகள் அனுப்பவேண்டும், முப்பது நாட்களுக்குள். இதைப் பலர் செய்வதில்லை. தயவுசெய்து செய்யுங்கள், பிற்காலத்தில் தேடுகிறவருக்கு உங்கள் நூல் அங்கேதான் கிடைக்கும்.

புத்தகக் கடையில் சிறுவர் நூல்களுக்கு ஒரு தட்டு, நாவல்களுக்கு ஒரு தட்டு இருந்தன. இடைப்பட்ட வயதுக்கு இல்லை. எங்கே வைப்பது என்று கடைக்காரர் கேட்டார். நாவல் தட்டிலேயே வைக்கச் சொன்னேன். பின்னட்டையில் ‘இளையோர் நாவல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.