சார்ட்டர் பள்ளி நிதிப் பயிற்சி: எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது?

அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில், அனுமதி பெற்று, தனி நிர்வாகக் குழு நடத்தும் பள்ளி) தொடங்க வருபவர்களில் பலர் பாடம் நடத்துவதில் புலிகள். பேரேட்டைத் திறந்தால்தான் தயங்குவார்கள். அவர்களுக்கான கணினிவழிப் பயிற்சிகளில் நிர்வாகக் குழு, சட்டம், பட்ஜெட், கொள்முதல், தணிக்கை என்று பாடங்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையிலேயே படிக்கத் தேவையில்லை. பணவரத்துப் பாடத்தை முதலில் எடுங்கள். அது புரியாமல் மற்றவற்றைப் படித்தால் வினாடி வினாவில் மதிப்பெண் வரும், பள்ளி நடத்த வராது.

1991-இல் மினசோட்டாவில் முதல் சார்ட்டர் சட்டம் வந்த நாளிலிருந்து அடிப்படை ஒன்றுதான்: மாணவர் எங்கே சேர்கிறாரோ அங்கே பணம் போகும். எந்தத் தலையை எண்ணுவது என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. கலிபோர்னியாவில் சேர்க்கையை அல்ல, சராசரி தினசரி வருகையை எண்ணுகிறார்கள். 200 பேர் சேர்வார்கள் என்று பட்ஜெட் போட்டீர்கள். 180 பேர் வந்தார்கள். வருகை 93 சதவீதம். கணக்கில் நிற்பது 167.4 பேர்தான். ஒரு மாணவருக்கு 12,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் துண்டு விழுவது 3,91,200 டாலர். வகுப்புக்கு இரண்டு பேர் குறைந்தார்கள் என்பதற்காக ஆசிரியர் சம்பளமும் வாடகையும் குறையாது. பயிற்சித் தாளில் வருகை விகிதம் என்ற கட்டத்தை 100 என்றே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்து, ஜூலை முதல் ஜூன் வரை மாதத்துக்கு ஒன்றாக 12 பத்தி போட்டு ஒரு பணவரத்துத் தாள் தயாரியுங்கள். பயிற்சி தரும் மாதிரிப் பள்ளியின் எண்களை விட்டுவிட்டு உங்கள் பள்ளியின் எண்களைப் போடுங்கள். ஆண்டுக் கணக்கில் உபரி காட்டும் பள்ளிக்கு அக்டோபரில் சம்பளம் போடக் காசு இல்லாமல் போகலாம். காரணம், மேசை நாற்காலி, வாடகை முன்பணம், காப்பீடு எல்லாம் பள்ளி திறக்கும் முன்பே கேட்கும். மத்திய அரசின் சார்ட்டர் பள்ளித் திட்ட மானியமோ பெரும்பாலும் செலவு செய்து ரசீது காட்டிய பிறகுதான் கைக்கு வரும். அந்த மானியத்தை விண்ணப்பித்த மாதத்தில் அல்ல, பணம் வரும் மாதத்தில் எழுதுங்கள்.

தேர்வில் தவறாமல் வரும் கேள்வி, கையிருப்பு எத்தனை நாள் தாங்கும் என்பது. தேய்மானம் நீக்கிய ஆண்டுச் செலவு 21,90,000 டாலர் என்றால் ஒரு நாளைக்கு 6,000. கையிருப்பு 1,80,000 டாலர். ஆக 30 நாள். அனுமதி தரும் அமைப்புகள் பலவும் எதிர்பார்ப்பது 60 நாள். குறிப்பிட்ட செலவுக்கென்று வந்த மானியப் பணத்தையும் கையிருப்பில் சேர்த்துவிடுவதுதான் இங்கே பலரைக் கவிழ்க்கும்.

சம்பளத்தில் பிடித்த வரியைத் தொடவே தொடாதீர்கள். நெருக்கடியில் அதை எடுத்து வாடகை கட்டினால், முடிவெடுத்தவர்களிடமிருந்தே தனிப்பட்ட முறையில் வசூலிக்க வரித்துறைக்கு அதிகாரம் உண்டு. காசோலை எழுதுபவரும் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற பாடம் எளிது; சிறிய அலுவலகத்தில் ஆள் இல்லாதபோது நிர்வாகக் குழுப் பொருளாளரை அதில் உட்காரவையுங்கள்.

பாடம் எந்த ஆண்டில் தயாரானது என்றும் பாருங்கள். மத்திய அரசுப் பணத்தை ஓராண்டில் ஓர் அளவுக்குச் செலவழித்தால் கட்டாயமாகும் ஒற்றைத் தணிக்கைக்கு (Single Audit) வரம்பு 7.5 லட்சம் டாலர் என்று பழைய பாடங்கள் சொல்லும். 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அது 10 லட்சம். ஜூலையில் ஆண்டு தொடங்கும் பள்ளிக்கு 2025 ஜூலை முதல். வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வரித்துறைக்குத் தரும் ஆண்டு அறிக்கையான படிவம் 990-ஐத் தாக்கல் செய்ய வேண்டிய பள்ளி என்றால், ஜூனில் ஆண்டு முடிந்தவுடன் நவம்பர் 15-ஐ நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தொடர்ந்து மூன்று ஆண்டு தவறினால் வரிவிலக்கு தானாகவே போய்விடும்.

கடைசிப் பயிற்சியாக அதே தாளைச் சேர்க்கை 80 சதவீதத்தில் ஓட்டிப் பாருங்கள். எந்த மாதம் கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, அதற்கு முன் எந்தப் பணியிடத்தை நிரப்பாமல் வைப்பது என்று பெயரிட்டு எழுதுங்கள். பள்ளிக்கு அனுமதி தரும் அமைப்பின் நேர்காணலில் இந்தக் கேள்வி வரலாம்.