ஒரே வைரஸ்: அப்பாவுக்குக் காய்ச்சல், எங்களுக்கு ஐசியு

கோவிட் வீட்டுக்குள் வந்தபோது எல்லோரும் பயந்தது அப்பாவை நினைத்துத்தான். வயது 60க்கு மேல், சர்க்கரை வேறு. அவர் சாதாரணக் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். எந்த நோயும் இல்லாத நானும் தம்பியும் ஐசியுவில் கிடந்தோம். நான் வென்டிலேட்டர் வரை போய்வந்தேன். டிஸ்சார்ஜ் செய்யும்போது, "சில பேருக்கு அப்படித்தான்" என்றார்கள்.

பிறகு பார்த்த நுரையீரல் மருத்துவர் அதோடு விடவில்லை. இளவயது ஆண்கள், அதுவும் கூடப்பிறந்தவர்கள் என்றால் மரபணுவைப் பார்த்துவிடுவது நல்லது என்றார். 2020இல் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களில் இதே மாதிரி இரண்டிரண்டு சகோதரர்கள் மோசமான நிலைக்குப் போனதும், நால்வருக்கும் டிஎல்ஆர்7 என்ற மரபணு பழுதாகி இருந்ததும் அவர் சொல்லித்தான் தெரியும்.

இரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்துப் போனால், மரபணு ஆலோசகர் பேப்பரை எடுத்துக் குடும்ப மரம் வரைய ஆரம்பித்தார். யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள், அப்பாவும் அம்மாவும் சொந்தமா, சின்ன வயதில் யாருக்காவது நிமோனியா வந்ததா என்று கேள்வி மேல் கேள்வி. அம்மாவுடைய தம்பி ஒருவர் கல்லூரி வயதில் 'விஷக் காய்ச்சலில்' போய்விட்டார் என்பது அங்கேதான் பேச்சுக்கு வந்தது. என்ன வைரஸ் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் ஆலோசகர் அதைச் சுற்றி வட்டம் போட்டார். பாதிப்பு அம்மா வழி ஆண்களிடம் மட்டும் தெரிந்தால், எக்ஸ் குரோமோசோமைச் சந்தேகிக்கலாமாம். குரோமோசோம் என்பது மரபணுக்களைச் சுமக்கும் இழை; பெண்களுக்கு எக்ஸ் இரண்டு, ஆண்களுக்கு அம்மாவிடமிருந்து வரும் ஒன்றுதான், அது பழுதானால் மாற்று இல்லை. டிஎல்ஆர்7 இருப்பதும் எக்ஸில்தான். இந்தப் பாதைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதையெல்லாம் முதலிலேயே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். மற்ற எதையும்விட எங்களுக்கு உதவியது அந்தப் பேப்பர்தான்.

நியாண்டர்தால் என்ற அழிந்துபோன பழங்கால மனித இனத்திடமிருந்து நமக்கு வந்த, மூன்றாவது குரோமோசோமில் இருக்கும் துண்டுதான் காரணமோ என்றும் ஆலோசகரிடம் கேட்டேன். அது நிஜம்தான், 2020இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் தெற்காசியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருக்கிறது. ஆபத்தை ஓரளவு கூட்டும், அவ்வளவுதான். ஒரு வீட்டில் இரண்டு இளைஞர்களைச் சாய்ப்பதற்கு அது மட்டும் போதாது என்றார். எங்களுக்குத் தேட வேண்டியது அரிதான, ஆனால் ஒற்றையாகவே பெரிய அடி கொடுக்கும் பழுது.

அதற்கும் முன்னால் வேறொன்றைச் சோதித்தார்கள். வைரஸ் நுழைந்ததும் உடலை உஷார்ப்படுத்தும் புரதம் இன்டர்ஃபெரான். சிலருடைய உடல், தன் இன்டர்ஃபெரானையே தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்குமாம். கோவிடில் உயிராபத்தான நிலைக்குப் போனவர்களில் 10 சதவீதம் பேரிடம் இது இருந்ததாக 2020இல் ஓர் ஆய்வு சொன்னது. எங்களிடம் இல்லை.

அப்புறம்தான் எக்ஸோம் சோதனை. புரதங்களுக்கான குறிப்பு இருக்கும் பகுதிகளை மட்டும், சுமார் 20,000 மரபணுக்களில், எழுத்தெழுத்தாகப் படிப்பது. ஒப்புதல் படிவத்தில், "இதற்குச் சம்பந்தமில்லாத நோய் அபாயம் கண்ணில் பட்டால் சொல்லவா, வேண்டாமா?" என்று கேட்டிருந்தார்கள். நான் வேண்டும் என்றேன், தம்பி வேண்டாம் என்றான். இரண்டும் சரிதான்.

நீண்ட காத்திருப்புக்குப் பிறகு வந்த ரிப்போர்ட்டில் டிஎல்ஆர்7இல் ஒரு மாற்றம் என்று போட்டு, பக்கத்திலேயே 'விளைவு உறுதியாகவில்லை' என்றும் எழுதியிருந்தது. இது கெட்ட செய்தியா நல்ல செய்தியா என்றே புரியாது. ஒருவரிடம் மாற்றம் இருப்பதாலேயே அது நோய்க்குக் காரணம் ஆகிவிடாது, இதற்குமுன் யாரிடமும் பார்க்காத மாற்றம் என்றால் இன்னும் கஷ்டம். அதனால் குடும்பத்தில் தேடினார்கள். தம்பியிடம் இருந்தது. அம்மாவிடம் இரண்டு எக்ஸில் ஒன்றில் மட்டும். நன்றாக இருக்கும் இன்னொரு தாய்மாமனிடம் இல்லை. கடைசியாக, என் இரத்த அணுக்களில் இமிக்விமோட் என்ற மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். மருக்களுக்குத் தடவும் களிம்பில் இருக்கிற அதே மருந்துதான்! டிஎல்ஆர்7ஐ அது தட்டி எழுப்பும். வைரஸின் ஆர்என்ஏவை மோப்பம் பிடித்து இன்டர்ஃபெரானைச் சுரக்க வைப்பதுதான் அந்த மரபணு செய்யும் புரதத்தின் வேலை. என் அணுக்கள் அசையவே இல்லை. அதாவது, அந்த மாற்றம் உண்மையிலேயே பழுதுதான்.

இதைக் கேட்டதும் அம்மா அழுதார், "நான்தானே கொடுத்தேன்" என்று. எந்த எக்ஸ் போகும் என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, இது எங்கள் பாட்டியிடமிருந்தே வந்திருக்கலாம் என்று ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். கோவிட் மோசமான 60 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களில் இந்தப் பழுது இருப்பவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. 'ஏன் எனக்கு மட்டும்?' என்று கேட்கிற எல்லோருக்கும் இதே பதில் வராது.

மற்றபடி என் வாழ்க்கை பெரிதாக மாறவில்லை. தடுப்பூசிகளைத் தள்ளிப்போடுவதில்லை, காய்ச்சல் வந்தால் முதல் நாளே மருத்துவரைப் பார்க்கிறேன், ரிப்போர்ட்டின் நகல் பையிலேயே இருக்கிறது. எனக்கு மகன் பிறந்தால் என் எக்ஸ் அவனுக்குப் போகாது, மகள் என்றால் கட்டாயம் போகும். அக்காவிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்கு ஒரு பையன் இருக்கிறான். சோதித்துக்கொள்வதா என்று இன்னும் யோசிக்கிறாள், நாங்கள் வற்புறுத்தவில்லை.