நீலக் குன்றும் ஊதாப் பந்தலும்: கோல்டன் வீக்கில் ஜப்பான்

இபராக்கி மாகாணத்தில் உள்ள ஹிட்டாச்சி கடற்கரைப் பூங்காவின் மிஹராஷி குன்றை ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ பார்க்காதவர், ஜப்பானின் வசந்தத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார் என்று துணிந்து சொல்வேன். சுமார் 4.2 ஹெக்டேர் பரப்பில் 53 லட்சம் நெமோஃபிலாப் பூக்கள் ஒரே காலத்தில் மலர்ந்து நிற்கின்றன. தனியாக எடுத்துப் பார்த்தால், நடுவில் வெண்மை படர்ந்த சின்னஞ்சிறு வெளிர்நீலப் பூ; கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது; ஓராண்டுப் பயிர் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விதைக்கிறார்கள். அந்தச் சிறு பூவே மேடு முழுவதையும் மூடிவிடும்போது ஏற்படும் நீலத்தை எந்தப் புகைப்படமும் சரியாகக் காட்டவில்லை. 58 மீட்டர் உயரமுள்ள உச்சிக்கு ஏறினால் ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடலும், இன்னொரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் தெரிகின்றன. அந்தப் புகைபோக்கி தெரிவதால் குன்றின் அழகு இம்மியும் குறையவில்லை.

செலவைப் பற்றி முதலிலேயே பேசிவிட வேண்டும். ஏப்ரல் 29 ஷோவா நாள், மே 3 அரசியலமைப்பு நாள், மே 4 பசுமை நாள், மே 5 குழந்தைகள் நாள் என அரசு விடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால் ஜப்பானே ஊர்சுற்றக் கிளம்பிவிடுகிறது. இதைத்தான் கோல்டன் வீக் என்கிறார்கள். தோக்கியோவில் சாதாரண நாளில் 9,000 யென்னுக்குக் கிடைத்திருக்கக்கூடிய, பெட்டியைத் திறந்து வைக்கவும் இடமில்லாத ஓர் அறைக்கு எங்களிடம் 21,000 யென் வாங்கினார்கள். ஆயிரம் யென் ஏறத்தாழ 550 முதல் 600 ரூபாய் என்று கணக்கிட்டுக்கொண்டால் எரிச்சலின் அளவு புரியும். அந்தக் கட்டணத்தைக் கொடுத்த பிறகு, மீதிப் பயணம் முழுவதும் ஒவ்வொரு ரயில் கட்டணத்தையும் இருமுறை யோசித்தே கொடுத்தோம்.

ஆனாலும் தோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து, பூங்காவுக்குப் பேருந்து பிடிக்கும் கட்சுதா நிலையம் வரை விரைவு ரயிலுக்குச் செலவழித்தது சரியான முடிவு. சாதாரண ரயிலில் சுமார் 2,300 யென்னுக்கு இரண்டு மணி நேரத்தில் போகலாம். ஹிட்டாச்சி, தொக்கிவா என்ற விரைவு ரயில்களில் அதற்கு மேல் ஏறத்தாழ 1,600 யென் கூடுதல் கட்டணம், நேரம் ஏறத்தாழ எண்பது நிமிடம். இந்த ரயில்களில் ஒவ்வோர் இருக்கைக்கு மேலும் ஒரு சிறு விளக்கு எரிகிறது. சிவப்பு என்றால் அந்த இருக்கை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. பச்சை என்றால் ஒதுக்கப்பட்டது. மஞ்சள் என்றால் வரும் நிலையங்களில் அதற்குரியவர் ஏறப்போகிறார். இருக்கை எண் இல்லாத பயணச்சீட்டு வைத்திருப்பவர்கள் சிவப்பு விளக்கின் கீழ் உட்கார்ந்துகொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, யாரும் யாரையும் எழுப்பிச் சண்டை போட வேண்டியதில்லை. நீண்டதூர ரயில் ஓடும் நாடுகள் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு வந்தே தீர வேண்டும்.

அந்த மகிழ்ச்சியெல்லாம் கட்சுதா நிலையத்தின் வெளியே முடிந்துவிட்டது. பூங்காவுக்குச் செல்லும் பேருந்துக்கான வரிசை நிலைய வாசலைத் தாண்டி வளைந்து போயிருந்தது. இருபது நிமிடத்துப் பயணம் என்று எழுதியிருந்த அந்தப் பேருந்தில் நாங்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றோம். ஏனென்றால் சொந்தக் காரில் வந்த குடும்பங்கள் எல்லாம் அதே சாலையில் வாகன நிறுத்துமிடத்துக்காகக் காத்திருந்தன. சன்னல்கள் மூடியிருந்தன, காற்று இல்லை, ஒரு குழந்தை விடாமல் அழுதது, அதன் தாய் சுற்றியிருந்தவர்களிடம் தலை வணங்கி மன்னிப்புக் கேட்டபடியே இருந்தார். ஆண்டுதோறும் இதே வாரத்தில், இதே சாலையில் இத்தனை பேர் வருவார்கள் என்பது தெரிந்த செய்திதான். பேருந்துக்கென்று ஒரு தடத்தை ஒதுக்கியிருந்தால், பொதுப் போக்குவரத்தில் வந்தவர்கள் இப்படி வதைபட்டிருக்க மாட்டார்கள். பூக்காலத்து விடுமுறை நாட்களில் பூங்காவைக் காலை ஏழு மணிக்கே திறப்பதுண்டு. அந்த நேரத்துக்குள் போய்ச் சேர்பவர்களுக்கு இந்தத் துன்பம் இல்லை என்று உள்ளே சந்தித்த ஒரு முதியவர் சொன்னார். அவர் பார்த்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்.

நுழைவுக் கட்டணம் 450 யென், நெமோஃபிலா காலத்தில் 350 யென் கூடுதல்; ஆக 800 யென். இந்தப் பயணத்தில் நாங்கள் கொடுத்த காசிலேயே மிகவும் மதிப்புள்ள காசு இதுதான். பெரும்பாலானவர்கள் குன்றை மட்டும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்து அப்படித் திரும்புவது வீண். சில நூறு யென்னுக்கு வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது. நடப்பவர்கள் குறுக்கே வராத தனிப்பாதை சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்காவைச் சுற்றி வருகிறது. பைன் காட்டுக்குள் நுழைந்து, மணல்மேடுகளின் ஓரமாக ஓடி, ஒரு வளைவில் திடீரென்று கடலைக் காட்டும் அந்தப் பாதையில் கூட்டமே இல்லை. உப்புக் காற்றும் பைன் பிசின் மணமும் கலந்து வர, வெயில் சுடாத அந்த மே மாதக் காலையில் மிதித்துக்கொண்டு போனது எனக்குப் பூக்களுக்கு இணையான இன்பமாக இருந்தது. இந்த நிலம் ஒரு காலத்தில் ராணுவ விமானத் தளமாக இருந்து, போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் குண்டு வீசிப் பழகும் இடமாக மாறியது. உள்ளூர் மக்கள் போராடி, 1973இல் நிலம் திரும்பக் கிடைத்து, 1991இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குண்டுகள் விழுந்த மண்ணில்தான் இன்று குழந்தைகள் சைக்கிள் பழகுகிறார்கள் என்பதை அறிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு நற்செய்தி. இபராக்கி, உலர்ந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குப் பெயர்போன மாகாணம்; ஜப்பானில் உற்பத்தியாகும் ஹொஷிஇமோவில் மிகப் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. கிழங்கை அவித்து, தோல் உரித்து, வில்லைகளாக அரிந்து, குளிர்காலத்துக் கடற்காற்றில் காயவைக்கிறார்கள். மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடி, பின்னால் தூவியது என்று நினைக்க வேண்டாம். கிழங்கின் சொந்தச் சர்க்கரையே அப்படிப் பூத்து வருகிறது. வெல்லம் சேர்க்காமலே இவ்வளவு இனிப்பா என்று வியந்து, மென்று, மேலும் ஒரு பொட்டலம் வாங்கினோம். அதுவும், உப்பில் ஊறிய உமெபோஷிக் காய் வைத்த ஒனிகிரிச் சோற்றுருண்டையும் எங்கள் மதிய உணவு. இருவருக்கும் சேர்த்து 1,500 யென்னைத் தாண்டவில்லை. பூங்காவில் விற்கும் நீல நிற ஐஸ்கிரீமைப் படம் எடுக்க மட்டும் வாங்கலாம், சுவைக்காக வாங்க வேண்டாம்.

திரும்பும்போது அந்தப் பேருந்தை நாங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நடந்தே அஜிகவுரா நிலையத்துக்குப் போய், ஹிட்டாச்சினாகா கைஹின் ரயில்வேயின் டீசல் ரயிலில் ஏறினோம். கட்சுதா வரை 14.3 கிலோமீட்டர். மூடப்படும் நிலைக்கு வந்த இந்தத் தடத்தை, 2008இல் நகராட்சியும் தனியார் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் ஏற்று நடத்துகிறது. ஒவ்வொரு நிலையத்தின் பெயர்ப்பலகையிலும், அந்த ஊரின் சிறப்பையே எழுத்தின் கோடுகளாக வளைத்து வரைந்திருக்கிறார்கள். வயல்களுக்கு நடுவே, வீட்டுக் கொல்லைகளை உரசிக்கொண்டு ஓடிய அந்தப் பயணத்தில் நெரிசலும் இல்லை, தாமதமும் இல்லை. போகும்போதும் இதிலேயே போகுமாறு யாருக்கும் பரிந்துரைப்பேன்.

அடுத்து தொச்சிகி மாகாணத்தின் அஷிகாகா மலர்ப் பூங்கா. இங்கே விஸ்டீரியாதான் அரசி. ஜப்பானியர்கள் ஃபுஜி என்கிறார்கள். அவரைக் குடும்பத்துக் கொடி என்பதால் பந்தல் போட்டுத்தான் வளர்க்கிறார்கள். 160 வயதைக் கடந்த ஒரே கொடி, சுமார் ஆயிரம் சதுர மீட்டர் பந்தலை நிறைத்து ஊதாச் சரங்களைத் தொங்கவிட்டிருக்கிறது. 1996இல், மர மருத்துவர் கொனாமி சுகமோட்டோவின் தலைமையில், இதை வேரோடு பெயர்த்து இப்போதைய இடத்துக்குக் கொண்டுவந்து நட்டார்கள். மென்மையான தண்டு நசுங்கிவிடாதிருக்க, எலும்பு முறிவுக்குக் கட்டுவதைப்போல அதற்கு மாவுக்கட்டுப் போட்டுத் தூக்கினார்கள். அந்தப் பந்தலின் கீழ் நின்றபோது, பூக்களைவிட அந்த மருத்துவரின் துணிச்சலே என்னை அதிகம் பாதித்தது. இளஞ்சிவப்பு, ஊதா, வெள்ளை, மஞ்சள் என்று நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூப்பதால், பூக்காலத்தில் எந்த நாளில் போனாலும் ஏதோ ஒன்று உச்சத்தில் இருக்கும். நுழைவுக் கட்டணம் பூக்கும் நிலையைப் பொறுத்து மாறுகிறது, உச்ச நாட்களில் 2,000 யென்னைத் தாண்டுகிறது. கட்டணம் அதிகந்தான், ஆனால் மாலை நான்கு மணிக்குப் போய், விளக்கு ஏற்றிய பிறகும் இருந்து பார்த்தால், பகலையும் இரவையும் ஒரே சீட்டில் பார்த்துவிடலாம். 2018 முதல் பூங்காவின் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருப்பதால் பேருந்தும் தேவையில்லை.

கையிருப்பு கரைந்துவிட்டவர்கள் மே 4ஆம் தேதியைத் தோக்கியோவுக்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். பசுமை நாள் என்பதால், வழக்கமாக 500 யென் வாங்கும் ஷிஞ்ஜுகு கியோயென் தோட்டத்துக்கு அன்று கட்டணம் இல்லை. ரிகுகியென், ஹாமரிக்யூ போன்ற மாநகரத் தோட்டங்களும் அப்படியே. ஷிஞ்ஜுகுவில் மது அருந்தவும் விளையாட்டுப் பொருட்களைப் பயன்படுத்தவும் தடை இருப்பதால், அத்தனை கூட்டத்திலும் புல்வெளி அமைதியாக இருக்கிறது. விரிப்பு ஒன்றும் சோற்றுருண்டைகளும் எடுத்துக்கொண்டு, காலையில் வாயில் திறக்கும்போதே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் நிழலில் இடம் கிடைக்காது.