தேரைக்குக் கால் நீளமா, அளந்தவருக்குக் கை நீளமா?

கரும்பு வண்டை ஒழிக்கவென்று 1935-இல் ஹவாயிலிருந்து ஏறத்தாழ நூறு தேரைகளை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். வண்டு அப்படியே இருந்தது, தேரைதான் பெருகியது. முதல் சில பத்தாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 10 கி.மீ. முன்னேறிய கூட்டம், பின்னாளில் 50 கி.மீ.க்கு மேல் நகர ஆரம்பித்தது. வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்குக் கிழக்கே, தேரைகள் வந்து சேரும் எல்லையிலேயே காத்திருந்து அளந்த ஆய்வாளர்கள் பென் ஃபிலிப்ஸ், ரிக் ஷைன் குழுவினர் 2006-இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள்: முதலில் வந்து சேர்ந்த தேரைகளுக்கு, உடல் அளவோடு ஒப்பிட்டால், கால் நீளம்.

இந்த வித்தியாசமெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. 40 மி.மீ. கீழ்க்காலில் 5 சதவீதம் என்றால் வெறும் 2 மி.மீ. உயிருள்ள தேரையை அளக்கும் கை அதற்குள்ளேயே தடுமாறும். அதனால் உடலமைப்பு வேறுபாட்டை அளக்கப் புறப்படுபவர் முதலில் அளக்க வேண்டியது தன் பிழையைத்தான்.

பெரிய தொல்லை உடல் நீளம். மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை எடுக்க வேண்டும். தேரைக்கு விலா எலும்புகள் இல்லை, முதுகும் இடுப்பும் சேரும் இடமும் மடங்கிக் கொடுக்கும். பயந்தால் காற்றை இழுத்து உப்பிக்கொள்ளும். வயிறு தரையில் படும்படி தட்டையான பலகையில் வைத்து, இடுப்பை மெல்ல அழுத்தி, கூன் நிமிர்ந்த பிறகு காலிப்பரை (இரு தாடைகளுக்கு நடுவே பிடித்து நீளம் அளக்கும் கருவி) வையுங்கள். கீழ்க்கால் இதைவிட எளிது: முட்டியையும் கணுக்காலையும் முழுதாக மடக்கினால் இரண்டு முனைகளும் எலும்பாகத் துருத்தும். தலையகலம் தாடைகள் சேரும் மூலையில். டிஜிட்டல் காலிப்பர் 0.01 மி.மீ. வரை காட்டுகிறதே என்று மயங்க வேண்டாம், தோலும் சதையும் அந்தத் துல்லியத்தைத் தராது. 0.1-க்கு எழுதினால் போதும்.

எடை பார்ப்பதாக இருந்தால், பிடித்ததும் தேரை சிறுநீர் பெய்துவிடும். சிலது பெய்தும் சிலது பெய்யாமலும் தராசில் ஏறினால் எடைக் கணக்கு முழுக்க வீண். எல்லாவற்றுக்கும் சிறுநீர்ப்பையை வெளியேற்றிவிட்டே நிறுங்கள்.

பிழையைக் கணக்கிட ஒரு 30 தேரைகளை இரண்டு முறை அளக்க வேண்டும். அடுத்தடுத்து அல்ல: முதல் சுற்று முழுவதும் முடிந்த பிறகு, முதல் எண்ணைப் பார்க்காமல், வரிசையைக் கலைத்து. ஒருவர் அளக்க, இன்னொருவர் எழுதுவது நல்லது. இரு அளவுகளின் வித்தியாசங்களுக்குத் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்னும் அளவு) கண்டு, 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் உங்கள் பிழை. திட்ட விலக்கம் 0.7 என்று வந்தால் பிழை 0.5 மி.மீ.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சிறிதும் பெரிதுமாகக் கலந்த தேரைகளில் கால் நீளத்தின் விலக்கம் 8 மி.மீ. இருக்கலாம். பிழையின் வர்க்கமான 0.25-ஐ விலக்கத்தின் வர்க்கமான 64-ஆல் வகுத்தால் பிழை அரை சதவீதம்கூட இல்லை, பிரமாதம் என்று தோன்றும். ஆனால் நாம் தேடுவது உடல் அளவைக் கழித்த பிறகு மிஞ்சும் வேறுபாடு. அந்த மிச்சத்தின் விலக்கம் 1 மி.மீ. என்றால் அதே பிழை 25 சதவீதம். போதாக்குறைக்கு உடல் நீளத்தில் செய்த தவறும் இந்த மிச்சத்துக்குள் வந்து உட்காரும். உடல் 10 மி.மீ. கூடினால் கால் 4 மி.மீ. கூடும் என்று வையுங்கள்: உடலை 1.5 மி.மீ. குறைத்து அளந்தால், காலைத் தொடாமலேயே அது 0.6 மி.மீ. ‘நீண்டு’விடும். ஆகவே பிழையை மிச்ச எண்களில் கணக்கிடுங்கள், மூல எண்களில் அல்ல.

அளவைக் கழிப்பது எப்படி? காலை உடலால் வகுப்பது சுலபம், ஆனால் ஆபத்து. வளர வளர விகிதம் மாறுகிற உடலில், குஞ்சு அதிகமுள்ள குளமும் கிழடு அதிகமுள்ள குளமும் வெவ்வேறு இனம்போல் தெரியும். இரண்டையும் லாகரிதமாக்கி (மடக்கை), கோடு பொருத்தி, ஒவ்வொரு தேரையும் கோட்டிலிருந்து விலகும் அளவை எடுப்பதே முறை; மேலே சொன்ன மிச்சம் இதுதான். ஆண், பெண் தனித்தனியே. ஆணுக்கு முன்னங்கால் உள்விரலில் கருத்த சொரசொரப்பு இருக்கும், அக்குளில் பிடித்தால் விடு விடு என்று கத்தும். ஃபார்மலினில் பதப்படுத்திய அருங்காட்சியகத் தேரையை உயிருள்ளதோடு கலக்கவே கூடாது, அது சுருங்கி விறைத்திருக்கும்.

புகைப்படத்தில் அளப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கேமரா தாளிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், அளவுகோல் தாளில், தேரையின் விளிம்பு 3 செ.மீ. மேலே. 30-ஐ 27-ஆல் வகுங்கள்: தேரை 11 சதவீதம் பெரிதாகத் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 3 சதவீதம். அளவுகோலைத் தேரையின் உயரத்துக்கே ஏற்றிவிட்டால் சிக்கல் பெருமளவு தீரும். படத்தில் புள்ளி வைத்து அளக்க உதவும் டிபிஎஸ்டிக் போன்ற மென்பொருளில் புள்ளி வைக்கும்போது எலும்பு முனை தெரியும் தலையில் வையுங்கள். தளர்ந்த வயிற்றுத் தோலில் வைத்த புள்ளி, தேரை எப்படி உட்கார்ந்திருந்தது என்பதைத்தான் அளக்கும்.

தலைப்பிரட்டைக்கு வேறு கவனம். தலைப்பிரட்டையைத் தின்னும் தட்டான் இளவுயிரிகள் இருக்கும் நீரில் வளர்ந்தால் பல இனங்களில் வால் துடுப்பு உயரமாகிறது. முட்டை முதல் குட்டித் தேரை வரையிலான வளர்ச்சியைப் பிரிக்கும் கோஸ்னர் அட்டவணையின் 46 நிலைகளில் ஒரே நிலையில் இருப்பவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். குறுகிய கண்ணாடித் தொட்டியில் பக்கவாட்டில் நிறுத்தி, அளவுகோலையும் நீருக்குள்ளேயே வைத்துப் படமெடுக்க வேண்டும்.

கையுறை கட்டாயம், ஒரு உயிருக்கு ஒரு ஜோடி. இருவாழ்விகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை அளப்பவர் கையிலேயே அடுத்த உடலுக்குப் போய்விடும். பவுடர் இல்லாத நைட்ரைல் வாங்குங்கள். லேட்டக்ஸ் தலைப்பிரட்டைகளையே கொல்லக்கூடியது. நைட்ரைலையும் நீரில் அலசிய பிறகே தொடுங்கள்.